எல்.சி. செய்தியில் எந்த ஃபீல்டு கட்டாயம், எதைக் காலியாக விடலாம்? எம்.டி. 700 – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டு வாங்குபவர் எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட் – ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக அவருடைய வங்கி தரும் உறுதி) திறந்துவிட்டார் என்றதும் உங்கள் வங்கி ஒரு நகலைத் தரும். அதில் 40ஏ, 31டி, 44இ, 46ஏ என்று ஃபீல்டு எண்களும் அவற்றுக்கு எதிரே வாசகங்களும் இருக்கும். சில எண்கள் எல்லா எல்.சி.யிலும் உண்டு. சில, ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. இல்லாத எண் என்ன சொல்கிறது என்று தெரியாமல் சரக்கை ஏற்றுபவர்களுக்கும், எல்.சி. திறக்க விண்ணப்பம் எழுதுபவர்களுக்கும் இந்தப் பக்கம். இதில் யு.சி.பி. என்பது சர்வதேச வணிகச் சபையின் யு.சி.பி. 600 விதிகள். அவை 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன.

எம்.டி. 700 என்றால் என்ன? ஒரு ஃபீல்டு கட்டாயமா இல்லையா என்பதை முடிவு செய்வது யார்?

எல்.சி. திறக்கும் வங்கி, அதைப் பயனாளிக்கு (ஏற்றுமதியாளருக்கு) தெரிவிக்கும் வங்கிக்கு, வங்கிகளுக்கிடையேயான செய்தி நெட்வொர்க்கான ஸ்விஃப்ட் வழியாக அனுப்பும் செய்திதான் எம்.டி. 700. எது கட்டாயம், எது விருப்பம் என்பதை ஸ்விஃப்ட் தரநிலை வகுக்கிறது. கட்டாய ஃபீல்டு ஒன்று விடுபட்டால் நெட்வொர்க் செய்தியை ஏற்காது. பிழைக் குறியீட்டோடு அனுப்பிய வங்கிக்கே திரும்பிவிடும், எதிர்முனைக்குப் போகவே போகாது. விருப்ப ஃபீல்டு விடுபட்டால் செய்தி தடையின்றிப் போய்ச் சேரும்.

இவ்வளவுதான் வித்தியாசம். அந்த எல்.சி.யை வைத்துப் பணம் வாங்க முடியுமா என்பதை நெட்வொர்க் பார்ப்பதில்லை. “விருப்பம்” என்பதற்கு “முக்கியமில்லை” என்று பொருள் கொள்வதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

கட்டாய ஃபீல்டுகள் எவை?

மொத்தம் பதினொன்று. செய்தியின் வரிசை எண் (27), எல்.சி.யின் வகை (40ஏ), எல்.சி. எண் (20), திறந்த தேதி (31சி), எந்த விதிகளுக்கு உட்பட்டது (40இ), காலாவதித் தேதியும் இடமும் (31டி), விண்ணப்பதாரர், அதாவது வாங்குபவர் (50), பயனாளி (59), நாணயமும் தொகையும் (32பி), எந்த வங்கியில் எந்த முறையில் பணம் கிடைக்கும் (41), உறுதிப்பாட்டு அறிவுறுத்தல் (49).

இதில் 31சி முன்பு விருப்ப ஃபீல்டாக இருந்தது. 2018 நவம்பரில் வந்த தரநிலை மாற்றத்தில் கட்டாயமானது. அதே மாற்றத்தில் 39பி (அதிகபட்சத் தொகை) நீக்கப்பட்டது. பழைய எல்.சி.யை மாதிரியாக வைத்து வரைவு எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். சரக்கு விவரம் இல்லை. ஆவணங்கள் இல்லை. துறைமுகம் இல்லை, கப்பலேற்றும் கடைசித் தேதியும் இல்லை.

சரக்கு விவரமும் ஆவணப் பட்டியலும் எப்படிக் கட்டாயமில்லாமல் போகும்?

45ஏ (சரக்கு), 46ஏ (ஆவணங்கள்), 47ஏ (கூடுதல் நிபந்தனைகள்) மூன்றும் நீளமான ஃபீல்டுகள். ஒவ்வொன்றிலும் வரிக்கு 65 எழுத்துகளாக 100 வரிகள் வரை எழுதலாம். ஒரு செய்தியின் மொத்த நீளம் 10,000 எழுத்துகளைத் தாண்டக்கூடாது என்பதால் மூன்றும் எப்போதும் ஒரே செய்தியில் அடங்கிவிடாது. மிச்சம் எம்.டி. 701 என்ற தொடர்ச்சிச் செய்தியில் வரும். ஒரு எம்.டி. 700க்குப் பின்னால் ஏழு எம்.டி. 701 வரை வரலாம். எனவே 700இல் இவை இருந்தே தீர வேண்டும் என்று தரநிலை சொல்வதில்லை.

ஆகவே நகல் கையில் கிடைத்ததும் முதலில் ஃபீல்டு 27ஐப் பாருங்கள். 1/1 என்றால் முழுச் செய்தியும் அதுதான். 1/2 என்று இருந்து உங்களிடம் ஒரு செய்திதான் இருக்கிறது என்றால், பாதி எல்.சி.தான் கைக்கு வந்திருக்கிறது. அதை வைத்து ஆவணம் தயாரிக்க உட்காராதீர்கள்.

விருப்ப ஃபீல்டு காலியாக இருந்தால் என்ன அர்த்தம்?

எல்லாக் காலியிடமும் ஒன்றல்ல. சிலவற்றை விதிகளே நிரப்பிவிடும். 43பி (பகுதி பகுதியாக அனுப்புதல்) இல்லையென்றால், யு.சி.பி. 31ஆம் பிரிவின்படி பகுதி ஷிப்மெண்ட் அனுமதிக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். 48 (ஆவணங்களைக் கொடுக்கும் கால வரம்பு) இல்லையென்றால், 14(சி) பிரிவின்படி கப்பலேற்றிய நாளிலிருந்து 21 நாட்காட்டி நாட்களுக்குள் ஆவணங்களைக் கொடுக்கலாம். ஆனால் காலாவதித் தேதியைத் தாண்டக்கூடாது. 71டி (கட்டணங்கள்) இல்லையென்றால், நெகோஷியேஷன் (ஆவணங்களை வாங்கிக்கொண்டு வங்கி முன்கூட்டியே பணம் தருவது) கட்டணமும் எல்.சி.யை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பதற்கான கட்டணமும் தவிர மற்றவை விண்ணப்பதாரர் தலையில் என்று ஸ்விஃப்ட் கையேடே சொல்கிறது. வாங்குபவரிடம் எல்.சி. விண்ணப்பம் போகும்போதே இதைப் பேசிக்கொள்வது நல்லது. எந்தக் கட்டணம் யாருக்கு என்று எழுதாமல் விட்டு, பிறகு வரவிலிருந்து கழித்துவிட்டார்கள் என்று வருந்துவதில் பயனில்லை.

வேறு சில ஃபீல்டுகள் காலியாக இருந்தால் அவற்றை யாரும் நிரப்ப மாட்டார்கள். ஏற்றும் துறைமுகம் எழுதப்படாவிட்டால் விதி ஒரு துறைமுகத்தைத் தந்துவிடாது. 44சி (கப்பலேற்றும் கடைசித் தேதி) இல்லையென்றால் தனியாகக் கடைசித் தேதி கிடையாது. ஆவணங்கள் காலாவதிக்குள் வந்து சேர வேண்டும் என்பதே அப்போது எல்லை. இது ஏற்றுமதியாளருக்கு வசதி, வாங்குபவருக்கு ஆபத்து. பொங்கல் விற்பனைக்கு வர வேண்டிய சரக்கு தை முடிந்து வந்தாலும், எல்.சி.யின்படி ஆவணங்கள் சரியாக இருந்தால் வங்கி பணம் கொடுத்தே ஆக வேண்டும்.

ஒரு ஃபீல்டைக் காலியாக விடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை விதி நிரப்புமா, நிரப்பினால் எனக்கு வேண்டியபடி நிரப்புமா?

43டியில் டிரான்ஷிப்மெண்ட் அனுமதி இல்லை என்று வந்திருக்கிறது. தூத்துக்குடி சரக்கு கொழும்பில் கப்பல் மாறுகிறதே?

தூத்துக்குடியிலிருந்து ஃபீடர் என்ற சிறிய இணைப்புக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போவது வழக்கமான பாதை. அது விதிப்படி டிரான்ஷிப்மெண்ட்தான். ஆனால் பயப்படத் தேவையில்லை. யு.சி.பி. 20(சி)யின்படி, முழுப் பயணமும் ஒரே பி.எல்.லில் (பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்கு ஆவணத்தில்) அடங்கியிருந்து, சரக்கு கண்டெய்னரில் போனதாக அந்த பி.எல்.லே காட்டினால், எல்.சி. டிரான்ஷிப்மெண்ட்டைத் தடை செய்திருந்தாலும் அந்த பி.எல். ஏற்கப்படும். விமானச் சரக்குக்கு 23ஆம் பிரிவும் அப்படியே இடம் தருகிறது, அங்கே கண்டெய்னர் நிபந்தனையும் இல்லை. கண்டெய்னர் இல்லாமல் மொத்தமாகக் கொட்டி ஏற்றும் சரக்குக்கு இந்தச் சலுகை கிடையாது.

இரண்டைச் சரிபாருங்கள். 47ஏயில் 20(சி) பிரிவு பொருந்தாது என்று எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் தடை உண்மையான தடையாகிவிடும், கட்டாயம் அமெண்ட்மெண்ட் (எல்.சி. திருத்தம்) கேட்க வேண்டும். அடுத்து பி.எல். வரைவில் “ஏற்றும் துறைமுகம்” என்ற கட்டத்தைப் பாருங்கள். சில வரைவுகளில் ஃபீடர் கப்பலை முன்பயணக் கட்டத்தில் போட்டுவிட்டு, பெரிய கப்பலின் பெயரையும் “கொழும்பு” என்பதையும் ஏற்றும் துறைமுகமாக எழுதியிருப்பார்கள். எல்.சி.யின் 44இயில் தூத்துக்குடி இருந்தால் இது டிஸ்கிரிபன்சி, அதாவது எல்.சி.யோடு ஒத்துப்போகாத குறை. வரைவு நிலையிலேயே ஃபார்வர்டரிடம் (சரக்கை அனுப்பித் தரும் முகவரிடம்) சொல்லித் திருத்த வேண்டும். ஒரிஜினல் அச்சான பிறகு திருத்துவதற்கு நாளும் ஆகும், பணமும் ஆகும்.

44ஏ, 44இ, 44எஃப், 44பி – நான்கையும் நிரப்ப வேண்டுமா?

வேண்டாம். துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்கான பி.எல். கேட்டால் 44இ (ஏற்றும் துறைமுகம் அல்லது விமான நிலையம்), 44எஃப் (இறக்கும் இடம்) போதும். உள்நாட்டில் சரக்கை ஒப்படைக்கும் இடத்திலிருந்து வாங்குபவரின் ஊர்வரை ஒரே போக்குவரத்து ஆவணம் கேட்டால்தான் 44ஏ, 44பி தேவை. துறைமுகப் பெயரை 44ஏயில் எழுதிவிட்டு 44இயைக் காலியாக விடுவது விண்ணப்பங்களில் அடிக்கடி நடக்கும் தவறு. ஏற்றுமதியாளருக்குக் கப்பல் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரியாதபோது, 44இயில் “இந்தியாவின் எந்தத் துறைமுகமும்” என்று எழுதச் சொல்வதே நல்லது. சென்னை, கொச்சி, தூத்துக்குடி எதிலிருந்தும் ஏற்றலாம். பி.எல்.லில் மட்டும் உண்மையில் ஏற்றிய துறைமுகத்தின் பெயர் இருக்க வேண்டும்.

48 காலி. 21 நாள் கிடைக்கும் என்று நம்பலாமா?

எல்.சி. கேட்பது பி.எல்., ஏர்வே பில் போன்ற போக்குவரத்து ஆவணமாக இருந்தால் நம்பலாம். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் பல வாங்குபவர்கள் பி.எல்.லுக்குப் பதில் ஃபார்வர்டர் தரும் எஃப்.சி.ஆர். என்ற சரக்கு ரசீதைக் கேட்பார்கள். அது யு.சி.பி. சொல்லும் போக்குவரத்து ஆவணங்களில் சேராது. அதனால் 21 நாள் விதி அங்கே தானாகப் பொருந்தாது, காலாவதித் தேதி மட்டுமே எல்லை. அப்படிப்பட்ட எல்.சி.யில் 48ஐ நிரப்புவதே தெளிவு. எண்ணோடு நிறுத்தாமல் எந்த நாளிலிருந்து என்பதையும் எழுத வேண்டும். ஃபீல்டில் மூன்று இலக்கம் வரை எண், சாய்கோடு, அதன்பின் 35 எழுத்து விளக்கத்துக்கு இடம் உண்டு. “15/ரசீது தேதியிலிருந்து” என்கிற பாணியில் எழுதலாம்.

காலாவதி நாள் வங்கி விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளில் கொடுக்கலாம். கப்பலேற்றும் கடைசித் தேதிக்கு அந்தச் சலுகை இல்லை (29ஆம் பிரிவு).

39ஏயை (தொகையில் கூடக்குறைய அனுமதி, அதாவது டாலரன்ஸ்) நிரப்பவில்லை. கொஞ்சம் கூடக்குறைய அனுப்பலாமா?

சரக்கை எப்படி எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 20,000 கிலோ நூல், கிலோ 3 டாலர், எல்.சி. தொகை 60,000 டாலர் என்று வையுங்கள். அளவு எடையில் சொல்லப்பட்டிருப்பதால் 30(பி) பிரிவு 5 சதவீதம் கூடவோ குறையவோ அனுமதிக்கிறது. ஆனால் எடுக்கும் தொகை எல்.சி. தொகையைத் தாண்டக்கூடாது. 20,400 கிலோ ஏற்றினால் இன்வாய்ஸ் 61,200 டாலர் ஆகிவிடும், அதை முழுதாக எல்.சி.யில் எடுக்க முடியாது. கூடுதலாக ஏற்றும் உரிமை தாளில் இருக்கிறது, அதற்கான பணம் இல்லை.

12,000 டி-ஷர்ட் என்று எண்ணிக்கையில் சொன்னால் அந்த 5 சதவீதமும் கிடையாது. 12,010 அனுப்பினால் அது எல்.சி. சொன்னதைவிட அதிகம். 11,900 அனுப்பினால், பகுதி ஷிப்மெண்ட்டைத் தடை செய்யாத எல்.சி.யில் பிரச்சினை இல்லை. தடை செய்திருந்தால் அதுவும் குறைதான். பின்னலாடைத் தொழிலில் வெட்டுச் சேதம், தரச் சோதனையில் கழித்தவை என்று கணக்கு ஒருபோதும் முழுதாக வராது. ஆகவே இங்கே டாலரன்ஸ் இல்லாத எல்.சி.யை ஏற்றுக்கொள்வது சரியல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து.

39ஏயில் 05/05 என்று எழுதினால் 5 சதவீதம் கூட, 5 சதவீதம் குறைய என்று பொருள். முதல் எண் கூடுதல், இரண்டாவது குறைவு. அது தொகைக்கு மட்டும்தான். அளவுக்கும் வேண்டுமென்றால் 45ஏயிலோ 47ஏயிலோ “அளவிலும் தொகையிலும் 5 சதவீதம் கூடக்குறைய” என்று தனியாக எழுத வேண்டும். தொகை, அளவு, அலகு விலை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் “சுமார்” என்ற பொருள்படும் அபௌட் அல்லது அப்ராக்சிமேட்லி இருந்தால் 10 சதவீதம் கிடைக்கும். அதுவும் எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதற்கு மட்டும்.

இரண்டு விருப்ப ஃபீல்டுகளை நிரப்பியதும் செய்தி திரும்பி வந்துவிட்டது. ஏன்?

விருப்ப ஃபீல்டுகளுக்கு இடையே கட்டுப்பாடுகள் உண்டு. டிராஃப்ட் (பணம் கேட்டு எழுதும் உண்டியல்) எப்போது (42சி) என்று எழுதினால், யார் மீது (42) என்பதையும் எழுத வேண்டும். ஒன்றை எழுதி மற்றொன்றை விட்டால் சி90 என்ற பிழை வரும். டிராஃப்ட் வழி, பல முறைகளைக் கலந்து பணம் கொடுத்தல் (42எம்), பிந்தைய தேதியில் பணம் கொடுத்தல் அல்லது நெகோஷியேஷன் விவரம் (42பி) என்ற மூன்றில் ஒரு வழியைத்தான் எடுக்கலாம். கலந்தாலும் அதே பிழைதான்.

கடைசித் தேதி (44சி), ஷிப்மெண்ட் கால அட்டவணை (44டி) இரண்டும் சேர்ந்து வந்தால் டி06. இதில் 44டியை எழுதும் முன் யோசியுங்கள். ஜூனில் 5,000, ஜூலையில் 5,000 என்று தவணைகளாக எழுதிவிட்டால், ஜூன் தவணை தவறினால் ஜூலைத் தவணைக்கும் அதற்குப் பின்னுள்ளவற்றுக்கும் எல்.சி. பயன்படாது (32ஆம் பிரிவு). ஒரு கப்பலைத் தவறவிட்டதற்கு முழு எல்.சி.யும் போய்விடும்.

கட்டாய ஃபீல்டு எல்லாம் நிரம்பியிருந்தால் கவலையில்லை அல்லவா?

நிரம்பியிருப்பது வேறு, சரியாக நிரம்பியிருப்பது வேறு. 31டியில் “260930 இந்தியா” என்று இருந்தால், 2026 செப்டம்பர் 30க்குள் இந்தியாவில் ஆவணங்களைக் கொடுத்தால் போதும். அதே இடத்தில் எல்.சி. திறந்த வங்கியின் ஊர் இருந்தால், அன்றைக்குள் காகிதங்கள் அந்த ஊர் கவுண்டரில் இருக்க வேண்டும். கூரியர் நாட்கள் உங்கள் கணக்கில் கழியும், வழியில் தாமதமானாலும் பொறுப்பு உங்களுடையது. 41இல் “இந்தியாவின் எந்த வங்கியிலும், நெகோஷியேஷன் மூலம்” என்று இருந்து, 31டியில் வெளிநாட்டு ஊர் இருந்தால் இரண்டும் முரண். உடனே திருத்தம் கேளுங்கள். டிராஃப்ட் விண்ணப்பதாரர் மீது எழுதப்படும்படி எல்.சி. இருக்கக்கூடாது என்பதும் 6ஆம் பிரிவின் விதி.

32பியில் பத்தாம்சக் குறியாகக் கமா கட்டாயம். முழுத் தொகையாக இருந்தாலும் கடைசியில் கமா வரும், ஜப்பானிய யென்னுக்குக் கமாவுக்குப் பின் இலக்கம் வரக்கூடாது.

50, 59இல் நிறுவனத்தின் பெயர், முகவரி அடங்கவில்லை. என்ன செய்வது?

வரிக்கு 35 எழுத்து, நான்கு வரிதான். எஸ்.எஃப். எண், தோட்டத்தின் பெயர், சாலை, அஞ்சல் என்று நீளும் நம் முகவரிகள் இதில் அடங்குவது கடினம். பெயரைச் சுருக்காமல் எழுதி, முகவரியைச் சுருக்குங்கள். 14(ஜே) பிரிவின்படி இன்வாய்ஸில் உள்ள முகவரி எல்.சி.யில் உள்ளதைப்போல அப்படியே இருக்க வேண்டியதில்லை, அதே நாட்டில் இருந்தால் போதும். தொலைபேசி, மின்னஞ்சல் மாறினாலும் குறையல்ல. ஆனால் பி.எல்.லில் சரக்கு பெறுபவர் அல்லது நோட்டிஃபை பார்ட்டியாக (சரக்கு வந்ததும் தகவல் பெறுபவராக) வரும் விண்ணப்பதாரரின் முகவரிக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே எல்.சி.யில் உள்ளபடியே எழுத வேண்டும்.

இந்த இரண்டு ஃபீல்டுகளிலும் “&” குறி செல்லாது. “ஆண்ட்” என்று எழுத்தில் எழுத வேண்டும். இன்வாய்ஸ் தலைப்பில் குறியாகவும் எல்.சி.யில் எழுத்தாகவும் இருப்பதை யாரும் பெயர் மாற்றமாகக் கொள்வதில்லை.

49இல் எதை எழுதுவது?

கன்ஃபர்ம், மே ஆட், வித்தவுட் – மூன்றில் ஒன்று. முதலாவது, இன்னொரு வங்கி, தானும் பணம் தருவதாக உறுதிப்பாடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை. மே ஆட் என்றால் பயனாளி கேட்டால் சேர்க்கலாம் என்ற அனுமதி. முதல் இரண்டில் எந்த வங்கியைக் கேட்கிறோம் என்பதை 58இல் எழுதிவிடுங்கள். மே ஆட் வரும்போது கட்டணம் யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும்.

அமெண்ட்மெண்ட்டில் காலியாக உள்ள ஃபீல்டுகள்?

எல்.சி. திருத்தச் செய்தியான எம்.டி. 707இல் எது வரவில்லையோ அது மாறவில்லை. மாறும் ஃபீல்டுகள் மட்டும் வரும். 45பி, 46பி, 47பி ஆகியவற்றில் ஆட், டிலீட், ரெப்ஆல் என்ற குறிச்சொற்களோடு திருத்தம் வரும். கடைசியானதில் கவனம் தேவை. ரெப்ஆல் என்றால் அந்த ஃபீல்டில் முன்பிருந்த எல்லாவற்றையும் நீக்கி, இப்போது எழுதியதை வைப்பது. 46ஏயில் ஆறு ஆவணங்கள் இருக்க, ஒரு சான்றிதழின் வாசகத்தைத் திருத்த நினைத்து அந்த ஒன்றை மட்டும் ரெப்ஆல் போட்டு அனுப்பினால், மற்ற ஐந்தும் எல்.சி.யிலிருந்து போய்விடும். பி.எல்.லும் சேர்ந்து போகும். வாங்குபவர்தான் முதலில் பாதிக்கப்படுவார்.

ஒரு அமெண்ட்மெண்ட்டில் பாதியை ஏற்று மீதியை மறுக்க முடியாது. பதில் சொல்லாமல் இருப்பது சம்மதமாகவும் ஆகாது.

எல்.சி. வந்த பிறகுதான் ஒரு ஃபீல்டு காலி என்று தெரிகிறது. வாங்குபவர் “கவலை வேண்டாம், அனுப்புங்கள்” என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். போதுமா?

போதாது. ஆவணங்களைச் சோதிப்பது வாங்குபவர் அல்ல, வங்கி. வங்கி எல்.சி.யை மட்டுமே பார்க்கும். அந்த மின்னஞ்சல் ஒப்பந்தத் தகராறில் உதவலாம், எல்.சி.யில் உதவாது. உங்கள் வங்கி எம்.டி. 799 என்ற தகவல் செய்தி அனுப்பி விளக்கம் கேட்கலாம். வாசகம் தெளிவில்லாத இடத்தில் அது பயன்படும். நிபந்தனை மாற வேண்டுமென்றால் திறந்த வங்கியிடமிருந்து எம்.டி. 707 வர வேண்டும். வாங்குபவரிடம் எழுதும்போது “எல்.சி.யைத் திருத்துங்கள்” என்று பொதுவாக எழுதாதீர்கள். “44இயில் இந்தியாவின் எந்தத் துறைமுகமும் என்று சேர்க்கவும், 39ஏயில் 05/05 சேர்க்கவும், 31டியில் இடத்தை இந்தியா என்று மாற்றவும்” என்று ஃபீல்டு எண்ணோடு ஒரே கடிதத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு அமெண்ட்மெண்ட்டுக்கும் தனிக் கட்டணம் உண்டு. அவர்களுடைய வங்கிக்கும் அந்தப் பட்டியலை அப்படியே விண்ணப்பத்தில் சேர்ப்பது எளிது. திருத்தம் வந்து படித்துப் பார்த்த பிறகு கண்டெய்னருக்குச் சொல்லுங்கள்.